மூன்றரை லட்சம் சொகுசாம், ஒன்றரைக் கோடி அத்தியாவசியமாம்!

மக்களே, ஆபீஸில் ஆணி கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் இதைக் கொட்டித் தீர்க்காம விட்டா தூக்கம் வராது. அதனால இந்த மொக்கையைக் கொஞ்சம் பொறுத்துக்குங்க.

புதுசா ஒரு ரெண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கூபே சந்தைக்கு வருதுன்னு வையுங்க. நம்ம ஆளுங்க கேக்குற கேள்வி எப்பவும் ரெண்டே ரெண்டுதான். "பூஜ்யத்துல இருந்து நூறு எத்தனை செகண்டு? விலை எத்தனை கோடி?" வாங்கப் போறவன் ஒருத்தன், வாதாடுறவன் ஆயிரம் பேர். அது ஒரு சுகம், தப்பில்லை. ஆனா அதே ரெண்டு கேள்வியைத் தூக்கிட்டு வந்து திருவொற்றியூர் வண்டி மேல வைக்கிறாங்க பாருங்க, அங்கதான் எனக்குச் சுர்ருங்குது.

திருவொற்றியூர் வண்டின்னு நான் சொல்றது ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 650. குனிஞ்சு உக்காரணும், ஹேண்டில்பார் தாழ்வா இருக்கும், பேரே ஜிடி. நாலு சக்கரத்துல கூபே எதுவோ, ரெண்டு சக்கரத்துல அது இதுதான். ரேஸ் வண்டி கிடையாது, ஆனா ரேஸ் வண்டி மாதிரி உடுத்திக்கிட்டு ஊர் சுத்துறதுக்கானது.

கொஞ்சம் வரலாறு. 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ரெட்டிச் ஊரு ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. ராணுவத்துக்கு 350 சிசி புல்லட் வேணும், அதுதான் காரணம். ஃபாக்டரி திருவொற்றியூர்ல. முதல்ல பாகங்களை இறக்கி இங்க கோர்த்தாங்க, அப்புறம் முழு வண்டியும் இங்கயே செய்ய ஆரம்பிச்சாங்க. 1970 வாக்குல இங்கிலாந்து கம்பெனி கடையைச் சாத்திருச்சு, நம்ம ஊரு ஃபாக்டரி மட்டும் நிக்கல. பக்கத்துல எண்ணூர்ல 1948ல ஆரம்பிச்ச அசோக் மோட்டார்ஸும் முதல்ல ஆஸ்டின் கார் கோர்த்த கம்பெனிதான். அப்புறம் அசோக் லேலண்டாகி லாரி, பஸ் பக்கம் போயிருச்சு. வட சென்னைன்னா சினிமாக்காரனுக்கு அருவாளும் கேரம் போர்டும்தான் தெரியும். இஞ்சின் எண்ணெய் வாசனையோட எழுபது வருஷமா ஒரு ஊரு இருக்குன்னு எவனும் காட்டலை. அது தனி சோகம், விடுங்க.

கான்டினென்டல் ஜிடிங்கிற பேரு 1964ல இங்கிலாந்துல 250 சிசி வண்டிக்கு வச்சது. 2013ல அதைத் தூசி தட்டி 535 சிசியில இறக்கினாங்க. ஒத்தை சிலிண்டர், 29 குதிரை, விலை ரெண்டு லட்சத்துக்கு மேல. ஃபிரேம் வேலை பிரிட்டன் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் ஆளுங்களோடது, அதுல குறை சொல்ல முடியாது. ஆனா கொஞ்சம் வேகம் எடுத்தா கை நடுங்குற நடுக்கத்துல கண்ணாடியில பின்னாடி வர்ற லாரி ரெண்டு லாரியா தெரியும். ஜிடின்னு பேரு வச்சிட்டு நெடுஞ்சாலையில நடுங்கினா என்னத்தைச் சொல்றது? அந்த வண்டிக்கு விழுந்த திட்டு நியாயமான திட்டு.

அப்புறம்தான் 650. 2017 நவம்பர்ல மிலன் கண்காட்சியில காட்டினாங்க, 2018 நவம்பர்ல இங்க விலை சொன்னாங்க. ரெண்டு சிலிண்டர், 648 சிசி, 6 கியர், 47 குதிரை, 52 நியூட்டன் மீட்டர். ஷோரூம் விலை 2 லட்சத்து 65 ஆயிரம். அமெரிக்காவுல இதே வண்டி 5,999 டாலர். அன்னைக்கு இந்தியாவுல ரெண்டு சிலிண்டர் 650ன்னா கவாஸாகி நிஞ்ஜாவுக்கு அஞ்சு லட்சத்துக்கு மேல எடுத்து வைக்கணும். பாதி விலை சாமியோவ்!

உடனே கிளம்பிட்டாங்க நம்ம நிபுணர்கள். "650 சிசியில 47 குதிரைதானா? நிஞ்ஜா 68 குதிரை தருதே? என்னய்யா இஞ்சின் இது?"

இங்கதான் நான் சண்டைக்கு வர்றேன். 47ங்கிறது இயலாமையில வந்த எண் கிடையாது. ஐரோப்பாவுல இளைஞர்களுக்குக் கொடுக்குற ஏ2 லைசென்ஸ்ல ஓட்டக்கூடிய வண்டிக்கு உச்சவரம்பு 35 கிலோவாட். அதைக் குதிரையா மாத்துங்க, 47 வரும். ஒரே இஞ்சினை மெட்ராஸ்லயும் விக்கணும், மாட்ரிட்லயும் விக்கணும், ரேடியேட்டர் இல்லாம காத்துலயும் எண்ணெயிலயும் குளிரணும், விலையும் பாதியா இருக்கணும். இத்தனை நிபந்தனைக்கும் சேர்த்து ஒருத்தன் விடை கண்டுபிடிச்சிருக்கான். இன்ஜினியரிங்ங்கிறது அதுதானே? நாம பொட்டி தட்டுற வேலையிலயும் பார்க்கிறோமே, பெஞ்ச்மார்க்ல முதல் இடம் வந்த சாஃப்ட்வேர், வாடிக்கையாளர் கம்ப்யூட்டர்ல பேப்பேன்னு முழிக்கும்.

இன்னொரு எண் இருக்கு, அதை எவனும் பேச மாட்டான். 2,500 சுத்துலயே உச்ச டார்க்ல 80 சதவீதம் வந்துரும்னு கம்பெனி சொல்லுது. இதோட மதிப்பு தெரியணும்னா ஒரு சாயங்காலம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல வந்து பாருங்க. பேருதான் எக்ஸ்பிரஸ். துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரி வரிசை காசிமேடு தாண்டி நிக்கும். ரெண்டு டிரெய்லருக்கு நடுவுல மூணு அடி இடைவெளி, தரையெல்லாம் மணல், நடுவுல ஒரு மீன்பாடி வண்டி. அங்க 68 குதிரையும் 530 குதிரையும் முட்டிக்கால் போட்டுத்தான் நிக்கணும். ரெண்டாவது கியர்ல, ஊர்ற வேகத்துல, திணறாம இழுக்குற இஞ்சின்தான் அங்க ராஜா. பூஜ்யத்துல இருந்து நூறு எத்தனை செகண்டுன்னு கேக்காதீங்க, பூஜ்யத்துல இருந்து இருபது போறதுக்கு எத்தனை சிக்னல்னு கேளுங்க.

வேகம்னா என்னன்னு தெரியாத ஊரும் இல்ல இது. மணலி தாண்டி, செங்குன்றம் பக்கத்துல சோழவரம். ரெண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம். அதுலதான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் வருஷக்கணக்கா ரேஸ் நடத்துச்சு, இருங்காட்டுக்கோட்டை டிராக் வர்ற வரைக்கும். வேகத்துக்கு டிராக், ரோட்டுக்கு வண்டி. இந்த வித்தியாசம் அன்னைக்கே தெரிஞ்ச ஊரு.

காகிதக் குதிரை எப்படி இருக்கும்னு பார்க்கணுமா? 2012 டெல்லி ஆட்டோ எக்ஸ்போவுல டிசி அவந்தின்னு இந்தியாவோட சொந்த ஸ்போர்ட்ஸ் கூபே வந்துச்சு. பார்க்க பட்டாசு. கடைசியா ரெனோ 2 லிட்டர் டர்போ இஞ்சினோட, 250 குதிரைன்னு சொல்லி, 36 லட்சம் ரூபாய் வாக்குல வித்தாங்க. ரோட்டுல எத்தனை அவந்தியை நீங்க பார்த்திருக்கீங்க? ஜிடி 650ஐ எத்தனை பார்த்திருக்கீங்க? அவ்ளோதான் என் வாதம்.

சரி, இப்ப மேட்டருக்கு வர்றேன். இவ்ளோ நேரம் பேசினது நிபுணர்களோட. இனிமே அரசாங்கத்தோட.

2025 செப்டம்பர் 3ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் கூடுச்சு. செப்டம்பர் 22ல இருந்து புது வரி. 350 சிசி வரைக்கும் உள்ள பைக்குக்கு 28ல இருந்து 18 சதவீதம். வாழ்க! 350க்கு மேல போனா, 28ம் 3 செஸும் சேர்ந்து 31 இருந்தது, 40 ஆச்சு. அந்த 40 வரிசையில கூட உக்காந்திருக்கிறது யார் யாருன்னு பாருங்க: உல்லாசப் படகு, கைத்துப்பாக்கி, சோடா கலர். மாசத் தவணையில வண்டி வாங்குற பையன், படகு வாங்குற சேட்டோட ஒரே பந்தியில!

கணக்கு போடுவோம். 2018ல ஷோரூம் விலை 2.65 லட்சம், வரி 31 சதவீதம். அப்போ வண்டிக்கு 2 லட்சத்து 2 ஆயிரம், வரி 63 ஆயிரம். புது வரிக்கு அப்புறம் விலை மூன்றரை லட்சத்தை ஒட்டி. வரி 40. அதுல வண்டிக்கு இரண்டரை லட்சம், வரி ஒரு லட்சம். ஏழு வருஷத்துல கம்பெனி பங்கு கால்வாசி ஏறிச்சு, வரிப் பங்கு பாதிக்கு மேல ஏறிச்சு. இதுக்கு மேல தமிழ்நாட்டு சாலை வரி வேற. 2023 நவம்பர்ல இருந்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டூவீலருக்கு அது 12 சதவீதம். எந்தச் சாலைக்குன்னு கேக்காதீங்க, வயிறு எரியும்.

இப்ப நம்ம கூபேகிட்ட போவோம். பெரிய இஞ்சின் சொகுசு காருக்கு முன்னாடி 28ம் செஸும் சேர்ந்து 48, 50ன்னு இருந்தது. அதே செப்டம்பர் 22ல அதுவும் 40க்கு வந்துருச்சு. புரியுதா? ஒன்றரைக் கோடி கூபேக்கு வரி இறங்குது, ஜிடி 650க்கு வரி ஏறுது, ரெண்டும் ஒரே நாள்ல! 48ல இருந்து 40ன்னா ஒன்றரைக் கோடி வண்டிக்கு எட்டு லட்சம் ரூபாய் மிச்சம். அந்த மிச்சக் காசுல ரெண்டு ஜிடி 650 வாங்கி வீட்டு வாசல்ல நிறுத்தலாம். என்ன கொடுமை சார் இது!

இருங்க, இன்னும் இருக்கு. மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், விலை எவ்ளோவா இருந்தாலும். மெர்சிடிஸ் இக்யூஎஸ் 2022ல இங்க வந்தப்போ விலை 1 கோடியே 55 லட்சம். அதுக்கும் 5. அத்தியாவசியப் பண்டம் மாதிரி! "சுற்றுச்சூழலுக்காகப்பா"ன்னு சொல்வீங்க. மின்சார வண்டிக்கு நான் எதிரி இல்ல, நல்ல வண்டி நிறைய வரட்டும். ஆனா மின்சாரம் எங்க இருந்து வருதுன்னு அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் இருக்குறவங்ககிட்ட கேளுங்க. அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆத்துல படியுது. ஒன்றரைக் கோடி கார் தெற்குல சத்தமில்லாம ஓடும், சாம்பல் வடக்குல விழும். அந்தச் சாம்பலுக்கு எந்த செஸ் போட்டீங்க?

வரிங்கிறது பணம் மட்டும் இல்ல, அது டிசைனையே மாத்தும். 2006 பட்ஜெட்ல நாலு மீட்டருக்குள்ள இருக்குற சின்ன காருக்கு எக்சைஸ் வரியைக் குறைச்சாங்க. என்ன ஆச்சு? செடான் காரோட வாலை வெட்டி நாலு மீட்டருக்குள்ள திணிச்சாங்க. 2008ல இண்டிகோ சிஎஸ், 2012ல டிசையர். பின்னாடி இருந்து பார்த்தா வால் அறுந்த பல்லி. ஸ்கேல் வச்சு அளந்தது வரி அதிகாரி, கார் டிசைன் பண்ணதும் அவரேதான்னு சொல்லலாம். இப்ப அதே கதை 350 சிசியில. இனிமே எந்தக் கம்பெனி 400ல, 500ல, 650ல புதுசா ஒரு இஞ்சின் செய்ய நம்ம ஊர்ல காசு போடும்? 349லயே குண்டுச்சட்டிக்குள்ள குதிரை ஓட்டுவாங்க. உலகத்துக்கு விக்கிற மாதிரி ஒரு இஞ்சினை மெட்ராஸ் பெத்து எடுத்திருக்கு. அதுக்கு அடுத்த தலைமுறை வேணுமா வேணாமா? ராயல் என்ஃபீல்டு தலை சித்தார்த்த லால் எல்லா பைக்குக்கும் ஒரே 18 சதவீதம் வைங்கன்னு வெளிப்படையாவே கேட்டார். அவருக்கு அதுல லாபம் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. லாபம் இருக்குறவன் சொன்னாலும் சரி சரிதான்.

"650 சிசி வண்டி ஓட்டுறவனுக்கு ஏம்பா சலுகை, அரிசி பருப்புக்கு வரியைக் குறை"ன்னு ஒரு தோழர் வருவார். தோழர், நான் சலுகை கேக்கலை. விலையைப் பார்த்து வரி போடுங்கன்னு கேக்குறேன். அஞ்சு லட்சத்துக்குள்ள இருக்குற பைக் எதுவா இருந்தாலும் ஒரு வரி. ஒரு கோடிக்கு மேல போற கார், பெட்ரோலோ மின்சாரமோ, அதுக்கு மேல் வரி. சிசியையும் நீளத்தையும் அளக்குறதை விட்டுட்டு சட்டைப்பையை அளங்க. அரிசி பருப்புக்குக் காசு அங்க இருந்துதான் வரணும்.

கம்பெனிக்கும் ஒரு குட்டு வைக்காம விட்டா எனக்கு சொம்பு பட்டம் கட்டிருவாங்க. 2018ல இருந்து 2023 வரைக்கும் இந்த வண்டிக்கு ஸ்போக் வீலும் டியூப் டயரும்தான். லாரியில இருந்து ஆணியும் கம்பியும் கொட்டுற மணலி ரோட்டுல, இருநூறு கிலோவுக்கு மேல எடை உள்ள வண்டி பஞ்சரானா தள்ளிக்கிட்டுப் போறவனுக்குத்தான் தெரியும் வலி. 2023ல அலாய் வீல், டியூப்லெஸ் டயர், எல்இடி விளக்கு எல்லாம் வந்துச்சு, அதுவும் கூடுதல் விலைக்கு. பாரம்பரியம் பாரம்பரியம்னு சொல்லிச் சொல்லி அஞ்சு வருஷம் ஓட்டிட்டாங்க. பாரம்பரியம் பஞ்சர் ஒட்டாது சார்!

ஆகவே மகா ஜனங்களே, அடுத்த தடவை ஒரு புது வண்டி வந்தா குதிரையை எண்ணுறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. இந்த வண்டி எந்த ரோட்டுக்குச் செஞ்சது? நான் கொடுக்குற காசுல வண்டிக்கு எவ்ளோ, வரிக்கு எவ்ளோ? இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சா, பாதி சண்டை முடிஞ்சுரும். மீதி சண்டையை டெல்லியோட போடுவோம்.

டிஸ்கி 1: மேல சொன்ன விலையெல்லாம் ஷோரூம் விலை. இன்சூரன்ஸ், பதிவுன்னு போட்டு ரோட்டுக்கு வர்றப்போ இன்னும் கொஞ்சம் ரத்தம் போகும்.

டிஸ்கி 2: ஒன்றரைக் கோடி கூபே வச்சிருக்கிற அன்பர் யாராவது இதைப் படிச்சா கோவிச்சுக்க வேணாம். ஒரு நாள் சாயங்காலம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கு வாங்க. லாரி வரிசைக்கு நடுவுல சேர்ந்து நின்னு டீ குடிக்கலாம். அங்க எல்லாரும் சமம் :-)