கொசுவை ஒழிக்க கொசுவா?

ஊருக்குள் கொசுவை விடுவதாவது! கேட்டதும் ஆத்திரம் வரும். ஆனால் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் அதைத்தான் செய்தார்கள். 'வோல்பாக்கியா' பாக்டீரியா ஏற்றிய கொசுக்களின் முட்டைகளை வாளி வாளியாக வைத்தார்கள்.

சூட்சுமம் இதுதான்: பாக்டீரியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரியாது. பாக்டீரியா உள்ள பெண்ணுக்கோ அந்தத் தொல்லை இல்லை. வாரிசுகளுக்கும் அது பரம்பரைச் சொத்தாகப் போய்ச் சேரும். இப்படியே ஊர் முழுக்கப் பரவும். இந்தக் கொசுவின் உடம்பில் டெங்கு கிருமி சரியாக வளராது!

பலன்? டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021-ல் முடிவு வெளியானது. புதுச்சேரி ஆராய்ச்சி மையமும் 2022-ல் இந்த ரகக் கொசுவை உருவாக்கிவிட்டது.

தெருவில் விடுமுன் ஜனங்களிடம் விஷயத்தை உடைத்துச் சொல்லுங்கள். சும்மா புகை அடித்துவிட்டுப் போனால் போதாது!