பூதத்துக்குப் பட்டா தேவையில்லை

மலையக மக்களுக்குத் தொன்மம் கிடையாது என்று அண்மையில் ஓர் இதழ் எழுதியிருக்கிறது. மண்ணில் வேர்விட்ட இனங்களே பேருருக்களைப் படைக்கும் என்பது அதன் வாதம். வட ஐரோப்பியருக்கு யிமிர், அயர்லாந்துக்காரருக்கு ஃபின் மக்கூல். லயத்து மக்களுக்கோ ஒப்பாரியும் தெம்மாங்கும் மட்டும். சப்ரகமுவத் தோட்டங்களில் அதுவும் மிச்சமில்லையாம்.

இந்த வாதத்தைச் சும்மா விட முடியாது.

பால் பன்யன் என்ற இராட்சத மரவெட்டியைப் படைத்தவர்கள் யார்? குளிர்காலந்தோறும் காடு மாறிய வட அமெரிக்க மரவெட்டிக் கூலிகள். முகாம்களில் வாய்வழியாக வளர்ந்த அவன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அச்சேறினான். 1914இல் ஒரு மரக் கம்பனி அவனைத் தன் விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது. காணி உறுதி பார்த்துப் பிறந்த பூதமல்ல அது. ஒற்றை மனித உடம்பு தாங்காத வேலையிலிருந்து பிறந்தது.

அதே வேலைதான் இங்கும் நடந்தது. காட்டை அழித்துக் கோப்பி நட்டார்கள், பிறகு தேயிலையும் ரப்பரும் நட்டார்கள். கவ்வாத்துக்குக் கவ்வாத்துச்சாமி வந்தார். ஸ்டோரில் சுழலும் சக்கரத்துக்கு ரோதைமுனி வந்தார். தமிழ்நாட்டு ஊரெல்லையில் அரிவாளோடு வானளாவ உட்கார்ந்திருக்கும் முனி, தோட்டத்தில் மரத்தடிக் கல்லாகவும் சூலமாகவும் நிற்கிறார். சிலை சிறுத்ததைப் பார்த்துத் தெய்வமும் சிறுத்ததென்று முடிவு கட்டுவது பார்வைக் கோளாறு. ஊரில் வயலையும் ஏரியையும் காத்தவர் இங்கே கையை இழுத்துக்கொள்ளும் இயந்திரத்துக்குக் காவலானார். வெள்ளைத்துரையின் இயந்திரத்துக்குள் தன் முனியைக் குடியேற்றியதைவிடத் துணிச்சலான தொன்ம ஆக்கம் தமிழில் எங்கே இருக்கிறது? பன்யனைப் போல ரோதைமுனி எந்தக் கம்பனியின் விளம்பரத்துக்கும் போகவில்லை.

பேருருவின் சுவடு வேண்டுமென்றாலும் தொலைவு போக வேண்டாம். இரத்தினபுரி மாவட்ட எல்லையில் 2,243 மீட்டர் உயரத்தில் இருக்கிறது சிவனொளிபாதம். ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளமான அந்தப் பாதம் சைவருக்குச் சிவனுடையது, பௌத்தருக்குப் புத்தருடையது, அறுபது முழ உயர ஆதமை அறிந்த முஸ்லிம்களுக்கு ஆதமுடையது. 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா ஏறிவந்து பார்த்த பாதமும் இதுதான். தோட்டங்களைச் சூழ்ந்த சிங்கள மக்களிடம் மஹாசோனா இருக்கிறான்: துட்டகைமுனுவின் வீரன் கோட்டைம்பரவிடம் தலையை இழந்து கரடித்தலை பெற்ற ஜயசேனன். இத்தனை பூதங்கள் நடமாடும் மண்ணில் லயம் மட்டும் கனவே காணவில்லை என்றால் யார் நம்புவார்?

பிரெஞ்சு எழுத்தாளர் ரபலேயை நினைக்காமல் இந்த இடத்தைக் கடக்க முடியவில்லை. 1530களில் அவர் கார்கன்துவாவை எடுத்தது செவ்வியல் ஏட்டிலிருந்தல்ல, சந்தையில் விற்ற மலிவுப் பிரசுரத்திலிருந்து. தின்றும் குடித்தும் சிரித்தும் ஒரு யுகத்தையே புரட்டிய பூதம் அது! ருஷ்ய இலக்கிய ஆய்வாளர் பக்தின் அதை விரித்துக் காட்டினார். நம் விமர்சகர்கள் பக்தினை மேற்கோள் காட்டுகிறார்கள்; காமன் கூத்தில் வீரபத்திரன் இறங்கும் இரவில் மட்டும் அவர்களைக் காணோம். வீரயுகம், காப்பியம், செவ்வியல் என்ற அளவுகோல்களோடு வந்து, அவற்றுக்குள் அடங்காததை இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். தலித் வழக்காறுகளுக்கும் மீனவர் கதைகளுக்கும் தமிழ் விமர்சனம் செய்தது இதைத்தான்.

மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைத் தொகுத்துத் தந்தார். முனிக்கதைகளுக்கும் அந்த உழைப்பு வேண்டும். பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை வாசகர்களே, உங்கள் தோட்டத்து முனி எங்கே இருக்கிறார், யார் கொண்டுவந்து வைத்தார்கள், எப்போது பூசை, என்ன கதை என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அவற்றுக்குப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.