மூன்று சென்டுக்குக் கையைப் பணயம் வைக்காதீர்கள்

அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவர்களுக்கும் உறவுப் பிள்ளைகளுக்கும்தான் இது. துப்பாக்கி சுடுவது உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. எனக்குப் பிடிக்காது, அது வேறு விஷயம்.

"பிரைமர் விலை ஏறிடுச்சு சார், கிடைக்கிறப்பவே அள்ளி வைக்கிறோம்" என்கிறீர்கள். 2019 வாக்கில் ஆயிரம் பிரைமர் ஏறக்குறைய 30 டாலர். 2020இல் கொரோனா வந்தது, ரெமிங்டன் திவாலானது, ஆளாளுக்கு அள்ளினார்கள். அள்ளியவர்களில் நீங்களும் உண்டுதானே? பிறகு கம்பெனிக்காரனை மட்டும் திட்டினால் எப்படி? ரேஷன் கடை வரிசையில் நின்று வளர்ந்த நமக்கு இதன் பெயர் தெரியும்: பதுக்கல்.

அதைவிட மோசம், பவுடரில் மிச்சம் பிடிப்பது. ஒரு பவுண்டு 7000 கிரெய்ன். 9 எம்எம் தோட்டாவுக்கு 5 கிரெய்ன் என்றால் 1400 தோட்டா. பவுண்டு 40 டாலர் என்றாலும் ஒன்றுக்கு 3 சென்ட்கூட ஆகவில்லை. இதற்காகவா யாரோ கொடுத்த, லேபிள் இல்லாத டப்பா மருந்தை "எல்லாம் ஒண்ணுதான்" என்று போடுகிறீர்கள்? மெதுவாக எரியும் மருந்துக்கான அளவில் வேகமாக எரியும் மருந்தைப் போட்டால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். ஆஸ்பத்திரி பில்லை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

சிக்கனம் வேண்டுமா? பித்தளைக் கூடுகளைப் பொறுக்குங்கள். விரிசல் விடாதவரை பலமுறை வரும். நாலு பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழையுங்கள், அபாயப்பொருள் கட்டணம் பங்காகும். அதுவும் கட்டுப்படியாகவில்லையா, குறைவாகச் சுடுங்கள்.

இதையே போனில் சொன்னதற்கு என் தம்பி மகன் இன்னும் பதில் சொல்லவில்லை. இங்கேயாவது சொல்லட்டும்.