ஐந்து மீட்டர் போதும்

ஓய்வு பெற்றபின் படகு வாங்குகிறவர்கள் தேவைக்கு ஒரு அளவு பெரிதாகவே வாங்கிவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். வீடு கட்டுவதிலும் இதே கதைதான். ஆனால் வீட்டை ஞாயிறுதோறும் உப்புத் தண்ணீரில் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டியதில்லை.

புதுச்சேரியில் ஃபைல் புரட்டிய குமாஸ்தாவுக்குப் படகு பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். என் தங்கை வீட்டுக்காரர் சொல்தா. குடும்பம் பிரான்சில், பிரெத்தாஞ் பகுதியில் வன் என்ற ஊரில் இருக்கிறது. அங்கே இரண்டு கோடைகாலம் தங்கியிருந்தேன். படகுக் கொட்டகைகளில் வேடிக்கை பார்ப்பதும், யாராவது கூப்பிட்டால் ஏறி உட்காருவதுமாகப் பொழுது போயிற்று. படகு பத்திரிகைகளையும் விடவில்லை. சின்ன வயதில் படித்த பிரெஞ்சு இதற்காவது பயன்பட்டதே. இப்போது தங்கை மகன் ஓய்வு பெறப் போகிறான். "மாமா, த்ரிமரான் வாங்கலாம்னு இருக்கேன், ஏழு மீட்டர், உள்ளே படுக்கவும் இடம் இருக்கு" என்று படம் படமாக அனுப்புகிறான். அவனுக்கு நான் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம்மில் பல வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பக்கம் இருக்கிறார்களே.

முதலில் பெயர். கட்டுமரம்தான் ஆங்கிலத்தில் கட்டமரான் ஆயிற்று. சோழமண்டலக் கரையில் அதைப் பார்த்த டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 17-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே எழுதி வைத்திருக்கிறார். பிற்காலத்தில் அந்தப் பெயரை இரட்டை உடல் படகுக்கு ஒட்டிவிட்டார்கள். நம் கட்டுமரத்துக்கு இரண்டு உடல் ஏது? மரங்களைச் சேர்த்துக் கட்டியது, அவ்வளவுதான். உக்ரைனிலிருந்து அமெரிக்கா போய்க் குடியேறிய விக்டர் செச்செட் என்பவர் 1940-களில் மூன்று உடல் படகுக்கு 'ட்ரைமரான்' என்று பெயர் வைத்தார். பாதி லத்தீன், பாதி நம்முடைய 'மரம்'. பெயரில் மரம் இருந்தாலும் வடிவத்துக்கு நாம் சொந்தம் கொண்டாட முடியாது. இரண்டு பக்கமும் மிதவை கட்டிய ஓடங்கள் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் தீவுகளில் பழங்காலம் தொட்டு இருக்கின்றன.

நடுவில் ஒரு ஒல்லியான உடல். இரண்டு பக்கமும் கை நீட்டினாற்போல் ஒவ்வொரு மிதவை. இடையில் வலை கட்டியிருக்கும். அதில் கயிற்றுக் கட்டிலில் படுப்பது போலப் படுக்கலாம். பெரிய ஒற்றை உடல் பாய்க்கப்பல் கவிழாமல் நிற்பது அடியில் தொங்கும் ஈயப் பளுவால். இது நிற்பது அகலத்தால். பளு இல்லாததால் எடை குறைவு, லேசான காற்றிலும் ஓடும், முழங்கால் ஆழத் தண்ணீரிலும் போகும்.

வயதானவர்களுக்கு இது பொருந்துவதற்குக் காரணம் வேகம் அல்ல, சாயாமை. சாதாரணப் பாய்ப்படகு காற்றடித்தால் ஒரு பக்கமாக நன்றாகச் சாயும். ஓட்டுகிறவனுக்கு அது ஆனந்தம், கூட வருகிறவர்களுக்கு நடுக்கம். என் தங்கை மருமகள் பல வருஷம் முன்பு அப்படிச் சாய்ந்த படகிலிருந்து இறங்கியவள்தான், அப்புறம் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. நான் அங்கிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரரின் சின்ன த்ரிமரானில் அவளை உட்கார வைத்தோம். வலையில் காலை நீட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் வந்தாள். அதனால்தான் எனக்கு இதில் இவ்வளவு அக்கறை. அவன் வாங்கும் படகில் அவள் ஏறுவாளா என்பதுதான் கேள்வி. ஏறாவிட்டால் அவனும் பத்து தடவைக்கு மேல் போகமாட்டான். அப்புறம் படகு தார்ப்பாய்க்கு அடியில் கிடந்து பாசி பிடிக்கும்.

பெரியதே வேகம் என்ற எண்ணத்துக்கும் ஒரு பதில் உண்டு. 1978-இல் சேன் மலோவிலிருந்து குவாதலூப் தீவுக்குத் தனியாளாகப் போகும் 'ரூத் துய் ரொம்' பந்தயம் முதன்முதலாக நடந்தது. மிஷெல் மலினோவ்ஸ்கியின் 21 மீட்டர் ஒற்றை உடல் கப்பலை, கனடாக்காரர் மைக் பர்ச் ஏறத்தாழ அதில் பாதி நீளமுள்ள ஒரு மஞ்சள் த்ரிமரானில் முந்தினார். 23 நாள் ஓடிய பந்தயத்தில் வித்தியாசம் 98 விநாடி! அதே பந்தயத்தில்தான் அலேன் கோலாஸ் தன் பெரிய த்ரிமரானோடு காணாமல் போனார். இன்றுவரை தடயம் இல்லை.

மகாசமுத்திரம் இருக்கட்டும். மொர்பியாங் வளைகுடா என்றால் அந்த ஊர் பிரெத்தோன் மொழியில் 'சின்னக் கடல்'. உள்ளே நிறையத் தீவுகள். அலையைப் பற்றிக் கவலை இல்லை, ஓதத்தைப் பற்றித்தான் கவலை. நம் கரையில் ஓதம் ஏறி இறங்குவது யாருக்கும் பெரிதாகத் தெரியாது. அங்கே தண்ணீர் இறங்கினால் படகுகள் சேற்றில் உட்கார்ந்துவிடும். தீவுகளுக்கு இடையே உள்ள குறுகலான வழிகளில் நீரோட்டம் மழைக்கால ஆறு போல ஓடும். ஆகவே அங்கே வேண்டியது ஆழம் கேட்காத, தூக்கி நகர்த்தக்கூடிய, காற்று நின்றால் கரை சேர வேறு வழியுள்ள படகு. படுக்கை எதற்கு? வீடு பத்து நிமிஷத்தில் இருக்கிறது.

விரித்த த்ரிமரான் சாலையில் போகாத அளவு அகலம். ஆகையால் அதை எப்படிச் சுருக்குகிறார்கள் என்பதில்தான் படகுக்குப் படகு வித்தியாசம். நியூசிலாந்துக்காரர் இயன் ஃபாரியர் கண்டுபிடித்த முறையில் கைகள் மடங்கி மிதவைகள் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும். அழகான ஏற்பாடு, விலையும் அப்படியே. பிரெத்தாஞ் பகுதியிலேயே செய்யும் அஸ்துஸ் படகுகளில் குழாய்க்குள் குழாய் நுழையும், பழைய ரேடியோ ஏரியல் மாதிரி. நியூசிலாந்தின் வெட்டா 4.4 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், எடை சுமார் 120 கிலோ. அதைக் கழற்றிப் பூட்ட வேண்டும். ஓடுவது குதிரை போல, சின்னப் பையன்களுக்குச் சரி. ஹோபி கம்பெனியின் ஐலண்ட் வகையில் மிதவைகள் பின்னால் மடங்கும். காற்று இல்லாதபோது சாய்ந்து உட்கார்ந்து பெடல் மிதித்தால் அடியில் இரண்டு துடுப்புகள் மீன் செட்டை போல அடித்துத் தள்ளும். ஒன்று சொல்ல வேண்டும், அதில் நன்றாக நனைவீர்கள்.

என் ஓட்டு ஐந்து, ஐந்தரை மீட்டருக்குள் இரண்டு பேர் உட்காரும் ஒன்றுக்குத்தான். குழாய் முறையோ மடக்கு முறையோ, அவன் இஷ்டம். காரிலிருந்து தண்ணீர் வரை எவ்வளவு நேரம் என்பதைக் கடிகாரம் வைத்துப் பார்க்கச் சொன்னேன். விற்கிறவர் சொல்லும் நேரத்தை இரண்டால் பெருக்கிக்கொள்வது நல்லது. அவர் தினமும் செய்கிறவர், நமக்கு முதுகு வலி வேறு. இந்த அளவுப் படகு டிரெய்லரோடு சேர்த்தும் 750 கிலோவுக்கு வெகு கீழே நிற்கும். அதனால் சாதாரண கார் லைசென்சே போதும். பாய்ப்படகுக்கு அங்கே லைசென்சு கிடையாது. மோட்டார் வைத்தாலும் 6 குதிரைத் திறன் தாண்டாதவரை யாரும் பரீட்சை எழுதச் சொல்லமாட்டார்கள். அரசாங்க விதிகளில் இவ்வளவு தாராளத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

கவிழ்வதைப் பற்றி விற்கிறவர்கள் வாய் திறப்பதில்லை. த்ரிமரான் லேசில் கவிழாது. ஆனால் தலைகீழானால், நேராக எவ்வளவு உறுதியாக நின்றதோ அவ்வளவு உறுதியாகத் தலைகீழாகவும் நிற்கும். ஈயப் பளு உள்ள கப்பல் தானே நிமிரும், இது நிமிராது. ஏழு மீட்டர் படகை இரண்டு கிழவர்கள் புரட்ட முடியாது, உதவிப் படகு வர வேண்டும். சின்னதைப் பழகிய ஆள் கயிறு பிடித்து நிமிர்த்திவிடலாம். பாய்மர உச்சியில் ஒரு சின்ன மிதவை கட்டிவிட்டால் முழுதும் தலைகீழாகப் போகாமல் பக்கவாட்டிலேயே நிற்கும். கரை ஓரத்தில், மனிதர்கள் சூழ இருக்கும்போது, ஒருமுறை வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்திப் பார்க்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

அதைவிட முக்கியம், படகிலிருந்து விழுந்தவர் திரும்ப ஏறுவது. எரிக் தபர்லியை விடப் பெரிய மாலுமி பிரான்சில் இல்லை என்பார்கள். 1998 ஜூனில் ஒரு ராத்திரி, தன் சொந்தப் படகு பென் துயிக்கிலிருந்து கடலில் விழுந்தார். திரும்ப எடுக்க முடியவில்லை. வயது 66. பிரெத்தாஞ் கடல் ஏப்ரல் மாதத்தில் 11, 12 டிகிரிதான் இருக்கும். நம் கடலில் நீந்திய தைரியம் அங்கே செல்லாது. நனைந்த உடையோடு அறுபது வயதுக்காரர் கையை ஊன்றி மேலே ஏற முடியாது. பின்பக்கம் தண்ணீருக்குள் இறங்கும் ஏணி உள்ள படகா என்று பார், இல்லையென்றால் கயிற்று ஏணியாவது மாட்டு என்றேன். லைஃப் ஜாக்கெட் படகில் கிடந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும். போனை நீர் புகாத உறையில் போட்டு உடம்போடு கட்டிக்கொள்ள வேண்டும். அங்கே கடல் மீட்புக்கு எண் 196.

"அதையே இங்கே வாங்கி ஓட்டலாமா?" என்று கடற்கரைச் சாலை நண்பர் ஒருவர் கேட்டார். நம் கரையில் அலை உடைகிற இடத்தைத் தாண்டுவது தனி வித்தை. அதைச் செய்கிற மீனவர்களே கட்டுமரத்தை விட்டு ஃபைபர் படகுக்கு மாறிவிட்டார்கள். வார விடுமுறைக்காரர்கள் சுண்ணாம்பாற்றின் கழியோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

பழைய படகு வாங்குவதானால் பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். குறுக்குக் குழாய்கள் உடலோடு சேரும் இடத்தில் விரிசல் உண்டா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மிதவைகளின் மூடியைத் திறந்து உள்ளே தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வலையை வெயில் தின்றிருக்கும், நகத்தால் கீறினால் நூல் பொடியும். டிரெய்லர் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேளுங்கள். உப்பு புகுந்த பேரிங் கரகரவென்று தானே சொல்லிவிடும்.