ராஜினாமா என்னும் கொல்லைப்புறக் கதவு

எங்கள் வங்கியில் கேஷ் கவுண்டர்காரர் மேல் சார்ஜ் ஷீட் கொடுத்துவிட்டால், அவர் ரிடையரானாலும் விசாரணை நிற்காது. பென்ஷன் வரைக்கும் துரத்தும். ஜனாதிபதிக்கும் மந்திரிக்கும் இது உண்டா என்றால் மட்டும் சட்டப் பண்டிதர்கள் தலையைச் சொறிகிறார்கள்.

அமெரிக்காவில் 1876-லேயே இந்தக் கேள்வி வந்தது. பூர்வகுடிகளின் பிரதேசத்திலிருந்த ஃபோர்ட் சில் ராணுவ முகாமில் கடை உரிமத்துக்கு மாமூல் வாங்கியதாக யுத்த மந்திரி பெல்க்னாப் மேல் குற்றச்சாட்டு. மார்ச் 2 காலையில் ஓடிப்போய் ராஜினாமா கொடுத்தார். அன்றைக்கே பிரதிநிதிகள் சபை 'இம்பீச்' செய்தது. போனவரையும் விசாரிக்கலாம் என்று செனட் 37–29 வாக்குகளில் முடிவெடுத்தது. கடைசியில் மூன்றில் இரண்டு பங்கு சேரவில்லை, தப்பினார். விடுவித்தவர்களில் பெரும்பாலோர் சொன்ன காரணம், 'ஆள்தான் பதவியில் இல்லையே!'

தமிழில் 'பதவி நீக்கம்' என்று மொழிபெயர்த்தே பாதி வழக்கை நாம் முடித்துவிட்டோம். அந்தச் சாசனத்தில் தண்டனை இரண்டு. நீக்குவது ஒன்று, இனி எந்தப் பதவிக்கும் வராமல் தடுப்பது இன்னொன்று. போய்விட்டவருக்கு முதலாவது தேவையில்லை. இரண்டாவது?

2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் ஒரு கும்பல் புகுந்தது. அடிமை முறைக்காகப் போரிட்ட மாகாணங்களின் கொடியும் உள்ளே வந்தது. ஜனவரி 13-ல், பதவியில் இருக்கும்போதே, ட்ரம்ப் 'இம்பீச்' செய்யப்பட்டார். செனட் தலைவர் மக்கானல் சபையை உடனே கூட்டவில்லை. பிப்ரவரியில், விசாரிக்க அதிகாரம் உண்டு என்று 56–44-ல் செனட் சொன்ன பிறகும், 'முன்னாளைத் தண்டிக்க முடியாது' என்று அதே மக்கானல் வாக்களித்தார். இருக்கும்போது நேரமில்லை, போனபின் அதிகாரமில்லை. நல்லா இருக்கே நியாயம்! 57 பேர் குற்றவாளி என்றார்கள், தேவை 67.

பதவியில் இல்லாத தனிமனிதரைப் பெரும்பான்மைக் கட்சி பழிவாங்காதா? பயம் நியாயமானதுதான். அதற்குத்தான் மூன்றில் இரண்டு பங்கு என்ற வேலி.

கோர்ட் இருக்கிறது என்றும் சொன்னார் மக்கானல். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஜனாதிபதியின் அதிகாரபூர்வச் செயல்களுக்கு விலக்குக் கொடுத்தது. நவம்பரில் ட்ரம்ப் மறுபடி ஜெயித்தார். ஜனவரி 6 பற்றிய கூட்டாட்சி வழக்கு அந்த மாதமே முடிந்துபோனது.

இங்கேயும் அதே கதவுதான். 2011 ஆகஸ்டில் மாநிலங்களவை நீதிபதி சௌமித்ர சென்னுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. மக்களவைக்கு வருமுன் ராஜினாமா செய்தார், தீர்மானம் கைவிடப்பட்டது. தொடங்கிய தீர்மானம் ராஜினாமாவால் செத்துவிடாது என்று சட்டத்தில் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும் தோழர்களே. சட்டக் கல்லூரி மாணவர்கள் இதைக் கையிலெடுக்கலாம்.