சிக்கனத்தின் சுமை யார் மீது?

ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க இந்திய நடுத்தரக் குடும்பமான நாங்கள் பல வருடங்கள் சேமித்தோம். ஒரு யூரோ ஏறத்தாழ நூறு இந்திய ரூபா. கணக்குப் பார்க்காமல் முடியுமா, சகோதரிகளே?

சில செலவுகளைக் குறைக்க முடியாது. 2024 ஜூன் முதல் ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்கள் செலுத்துவது 90 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் அப்பணம் திரும்பி வராது. ஆகவே ஆவணங்களை இருமுறை சரிபாருங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும் கட்டாயம்.

குறைக்கக்கூடியவையும் உண்டு. ரோம் வீதிக் குழாய்களில் நல்ல குடிநீர் இலவசம்; வெறும் போத்தல் போதும். லக்சம்பேர்க்கில் 2020 முதல் பஸ், ட்ராம், இரண்டாம் வகுப்பு ரயில் எல்லாமே இலவசம். சமையலறையுள்ள அறை எடுத்தால் சாப்பாட்டுச் செலவு வெகுவாகக் குறையும். ஜேர்மனியில் ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் பூட்டு. சனியன்றே சாமான் வாங்கிவிடுங்கள்.

ஆனால், அந்தச் சமையலறையில் நிற்பது யார்? மூன்று வேளையும் நானே சமைத்தால், மிச்சம் குடும்பத்துக்கு, களைப்பு எனக்கு. அதனால் இரவுச் சமையல் கணவருக்கு, பாத்திரம் கழுவுவது மகனுக்கு என்று புறப்படும் முன்பே பேசி முடித்தோம். பயணச் செலவைத் திட்டமிடும்போது வேலையையும் பங்கிடுங்கள். அம்மாவும் ஊர் பார்க்கத்தானே போகிறாள்!