பெயரை நம்பினால் துருப்பிடிக்கும்!

"துருப்பிடிக்காத உருக்கினால் செய்த துப்பாக்கி" என்று சொல்லி விற்கிறார்கள்.

வாங்கியவர் அதைத் தோல் உறையில் போடுகிறார். பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார். மழைக்காலம் முடிந்த பிறகு திறந்து பார்க்கிறார். என்ன ஆச்சரியம்! துப்பாக்கியின் மேல் புள்ளி புள்ளியாகச் செந்நிறத் துரு!

"என்னை ஏமாற்றிவிட்டார்கள்" என்று கத்துகிறார்.

அவரை ஏமாற்றியது யார்? பெயர்தான்!

துருவே பிடிக்காத உருக்கு என்று ஒன்று இல்லை. எளிதில் துருப்பிடிக்காத உருக்குதான் உண்டு. "எளிதில்" என்ற ஒரு சொல்லை மறந்ததால் வந்த வினை இது.

பெயர் வந்த கதை

இந்த உருக்கு பிறந்ததே துப்பாக்கியால்தான்.

இங்கிலாந்தில் ஷெபீல்டு என்று ஒரு நகரம் இருக்கிறது. கத்திக்குப் பேர்போன ஊர். அங்கே ஹாரி பிரியர்லி என்ற ஆராய்ச்சியாளர் இருந்தார். உருக்குத் தொழிலாளியின் மகன் அவர்.

சுடச்சுட, துப்பாக்கிக் குழாயின் உட்புறம் அரித்துப்போகும். அதைத் தடுக்க வழி காணும் வேலை 1912-ல் பிரியர்லியிடம் வந்தது. அவர் உருக்கில் குரோமியம் என்ற உலோகத்தைக் கலந்து பார்த்தார். 1913 ஆகஸ்டு மாதம் வார்த்த உருக்கில் 100-க்கு 12.8 பங்கு குரோமியம் இருந்தது. காடியைக்கூட அந்த உருக்கு தாங்கி நின்றது.

மேஜைக் கத்திக்கு இது ஆகும் என்று பிரியர்லி எண்ணினார். கத்தித் தொழிற்சாலையைச் சேர்ந்த எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்பவர் அதைக் காடியில் சோதித்தார். "கறைபடாத உருக்கு" என்று பெயர் வைத்தார்.

ஆகவே, இது சாப்பாட்டுக் கத்திக்கு வைத்த பெயர். வியர்வைக்கும் கடல் காற்றுக்கும் வைத்த பெயர் அல்ல!

1965-ல் அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனி, இந்த உருக்கினால் ஆன கைத்துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் "மாடல் 60". சாப்பாட்டுக் கத்தியின் பெயரும் துப்பாக்கியோடு சேர்ந்து வந்துவிட்டது.

கண்ணுக்குத் தெரியாத போர்வை

இந்த உருக்கைக் காப்பது எது?

குரோமியம், காற்றில் உள்ள பிராணவாயுவுடன் சேருகிறது. உருக்கின் மேல் ஒரு மெல்லிய போர்வையாகப் படிகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. கீறல் விழுந்தாலும், காற்றுப் பட்டால் தானாகவே மூடிக்கொள்ளும்.

இந்தப் போர்வைக்கு ஒரு பகைவன் உண்டு. அதுதான் உப்பு! நம் வியர்வையில் உப்பு இருக்கிறது. கடல் காற்றிலும் இருக்கிறது. உப்பு, போர்வையை ஓட்டை போடும். அங்கே ஈரமும் தங்கிவிட்டால் துரு புகுந்துவிடும்.

"எங்கள் வீட்டு எவர்சில்வர் குடம் துருப்பிடிக்கவில்லையே?" என்று நீங்கள் கேட்கலாம்.

நல்ல எவர்சில்வர் பாத்திரத்தில் 100-க்கு 18 பங்கு குரோமியமும், 8 பங்கு நிக்கலும் இருக்கும். துப்பாக்கிக்கோ கடினம் வேண்டும். ஆகவே பல துப்பாக்கிகளில் குரோமியம் 12 முதல் 14 பங்குதான். கடினம் கூடுகிறது, துருவைத் தாங்கும் சக்தி குறைகிறது. உள்ளே இருக்கும் வில்லும் ஆணியும் பல சமயம் சாதாரண உருக்குதான்!

என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை, துப்பாக்கியில் குண்டு இல்லை என்று கண்ணால் பார்ப்பது. ஒரு முறைக்கு இரண்டு முறை பார்க்க வேண்டும். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டுத்தான் துடைக்க உட்கார வேண்டும். குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

கை பட்ட இடத்தை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். துப்பாக்கி எண்ணெயை மெல்லிய பூச்சாகத் தடவ வேண்டும். எண்ணெய் வழிந்தால் தூசு ஒட்டும். சுடுவதற்கு முன் குழாயின் உள்ளே இருக்கும் எண்ணெயைத் துணிவிட்டு எடுத்துவிட வேண்டும்.

தோல் உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆகவே துப்பாக்கியை உறையோடு பூட்டி வைக்கக் கூடாது.

லேசான துரு என்றால் எண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊற வைக்கலாம். பிறகு நைலான் பிரஷால் மெல்லத் தேய்த்தால் போய்விடும். இரும்பு நாரைத் தொடவே கூடாது. அதன் துணுக்குகள் உருக்கில் ஒட்டிக்கொண்டு, அவையே துருப்பிடிக்கும். எவர்சில்வர் பாத்திரம் துலக்கும் பெண்களும் ஆண்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்!

துரு குழி பறித்துவிட்டால் தேய்த்துப் பயன் இல்லை. குழி மறையாது. துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம்தான் காட்ட வேண்டும். குழாயின் உள்ளே குழி இருந்தால், அவர் பார்த்துச் சொல்லும்வரை சுடவே கூடாது.

நேரம் இல்லாதவருக்கு எதற்கு?

"இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று சிலர் சொல்வார்கள்.

அவர்களுக்கு நமது பதில் இதுதான்: துடைக்க நேரம் இல்லாதவர் துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூடாது!

குடம் துருப்பிடித்தால் குடத்தோடு போயிற்று. துப்பாக்கி அப்படி அல்ல. துரு ஏறிய விசை, வேண்டாத நேரத்தில் சிக்கும். குழாயில் அடைப்பு இருந்தால் குழாயே வெடிக்கலாம். ஆபத்து பிடித்திருப்பவருக்கும் உண்டு. பக்கத்தில் நிற்பவருக்கும் உண்டு.

விற்பவர்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. "இதுவும் துருப்பிடிக்கும், துடைத்து வையுங்கள்" என்று வாங்குபவரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். சொன்னால் வியாபாரம் கெட்டுவிடாது. சொல்லாவிட்டால் ஓர் உயிர் போகலாம்.

பெயர் துருவைத் தடுக்காது. துடைக்கும் கைதான் தடுக்கும்.